வடக்கு முதலா, கிழக்கு முதலா? சர்வே பாயிண்ட் ஃபைலைக் கையாளும் விதம்

மதுரைக்கு வடமேற்கே சாலையோரம் நிற்கும் ஒரு மின்கம்பத்தை டோட்டல் ஸ்டேஷன் வைத்து அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி கோணம் பார்க்கிறது, தூரம் பார்க்கிறது, கணக்குப் போடுகிறது. கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு வரி:

101, 1107215.482, 171340.116, 162.735, இபி

பாயிண்ட் எண், வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு, உயரம் எவ்வளவு, அங்கே இருப்பது என்ன. சர்வே ஆபீஸில் நம்பர், நார்த்திங், ஈஸ்டிங், எலிவேஷன், டிஸ்கிரிப்ஷன் என்பார்கள். இப்படி இருநூறு வரியோ இருபதாயிரம் வரியோ சேர்ந்தால் அது பாயிண்ட் ஃபைல். நோட்பேடில் திறந்தே படித்துவிடலாம். யாரும் திறக்கலாம் என்பதால் யாரும் திருத்தவும் செய்யலாம். திருத்தியதற்குச் சுவடு எதுவும் இருக்காது.

சைட்டில் எதை அளந்தார்கள் என்பதற்கு இந்தக் கோப்புதான் சாட்சி. கேட் மென்பொருளில் நாம் பார்க்கும் வரைபடம் அதிலிருந்து போட்டது. கோடு தப்பாகப் போனால் உட்கார்ந்த இடத்திலேயே மறுபடி போட்டுக்கொள்ளலாம். பாயிண்ட் தப்பாகப் போனால் கருவியைத் தூக்கிக்கொண்டு மறுபடி சைட்டுக்குப் போக வேண்டும். அப்படியிருந்தும் பல இடங்களில் டிராயிங்குக்கு மூன்று பேக்கப் இருக்கும். பாயிண்ட் ஃபைல் யாரோ ஒருவரின் பென்டிரைவில் கிடக்கும்.

முதல் குழப்பம் வரிசையில் வருகிறது. சர்வேயர்கள் வழக்கமாக வடக்கை முதலில் எழுதுவார்கள், கிழக்கைப் பிறகு. கணக்குப் பாடத்தில் படித்த எக்ஸ், ஒய் இதற்கு நேர்மாறு. கேட் திரையில் எக்ஸ் என்பது கிழக்கு, ஒய் என்பது வடக்கு. அதனால் பாயிண்ட் ஃபைலை உள்ளே இழுக்கும்போது மென்பொருள் கேட்கும் ஃபார்மட் பட்டியலில் ‘பி.என்.இ.ஸட்.டி.’ என்பதா, ‘பி.இ.என்.ஸட்.டி.’ என்பதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் எழுத்துகள் இடம் மாறினால் மொத்த நிலமும் 45 டிகிரிக் கோட்டில் கண்ணாடி வைத்தாற்போல் புரண்டு விழும்.

இந்தப் பிழை சாதாரணச் சோதனைகளில் மாட்டாது. கண்ணாடிப் பிம்பத்தில் தூரம் மாறுவதில்லை, பரப்பும் மாறுவதில்லை. இரண்டு எல்லைக்கல்லுக்கு இடையே அளந்து பார்த்தால் சரியாக வரும். மொத்தம் எத்தனை சென்ட் என்று பார்த்தால் அதுவும் சரியாக வரும். இடப்பக்கம் திரும்ப வேண்டிய சாலை வலப்பக்கம் திரும்பியிருப்பதை, சைட்டை நேரில் பார்த்த ஒருவர்தான் கண்டுபிடிப்பார். எனவே புதிய ஃபைலை உள்ளே எடுத்ததும் அளவு பார்ப்பதற்கு முன்னால் திசை பாருங்கள். வடக்கு எங்கே, சாலை எந்தப் பக்கம், கிணறு எந்த மூலையில் என்று அளந்தவரிடமே கேட்டுவிட்டால் ஐந்து நிமிட வேலை.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் குறைசொல்லியே ஆக வேண்டும். ஜி.பி.எஸ். இல்லாத சின்ன வேலைகளில் முதல் ஸ்டேஷனுக்கு 1000, 1000, 100 என்று கற்பனை மதிப்புக் கொடுத்துத் தொடங்குவது வழக்கம். நார்த்திங்கும் ஈஸ்டிங்கும் ஒரே எண்ணாக இருப்பதால், வரிசை மாறிப்போனாலும் அந்த ஸ்டேஷன் தன் இடத்திலேயே நிற்கும். சுற்றியுள்ள பாயிண்டுகளும் அதே 900, 1100 என்ற அளவுகளில்தான் இருக்கும். பிழை கண்ணில் படவே படாது. வடக்குக்கு 5000, கிழக்குக்கு 2000 என்று வைத்துத் தொடங்குங்கள். செலவில்லாத பாதுகாப்பு. ஃபைலைத் திறந்த மாத்திரத்தில் எது வடக்கு, எது கிழக்கு என்று எண்ணே சொல்லிவிடும்.

டி.ஜி.பி.எஸ். வைத்து யு.டி.எம். முறையில் எடுத்தால் தமிழ்நாட்டில் இந்தத் தொல்லை குறைவு. நில நடுக்கோட்டிலிருந்து மீட்டரில் எண்ணுவதால் வடக்கு எண் பெரும்பாலும் ஏழு இலக்கம், கிழக்கு எண் ஆறு இலக்கம். கோவில்பட்டியைத் தாண்டித் தெற்கே கொஞ்ச தூரம் போனால்தான் வடக்கு எண்ணும் பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கி ஆறு இலக்கமாகும். தூத்துக்குடி, நெல்லை, குமரி வேலைகளில் இதைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் நிலைமை இன்னும் சிக்கல். 1999இன் இலங்கை கிரிட்டில் பிதுருதாலகாலை மலையை மையமாக வைத்து, இரண்டு திசைக்கும் 5,00,000 என்று தொடக்க மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மலையடிவாரத்து நுவரெலியாவில் அளந்தால் நார்த்திங், ஈஸ்டிங் இரண்டுமே ஐந்து லட்சத்தை ஒட்டித்தான் வரும். எண்ணைப் பார்த்து எது எது என்று சொல்லவே முடியாது. பழைய கிரிட்டில் தொடக்க மதிப்பு இரண்டு லட்சம். ஆகவே பழைய ஃபைலும் புதிய ஃபைலும் கலந்தால் இரண்டு திசையிலும் ஏறக்குறைய மூன்று லட்சம் மீட்டர் தள்ளி நிற்கும். அந்த அளவுக்குப் பெரிய பிழை நல்லது, உடனே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இருக்கும் தனிச்சிக்கல் 78 டிகிரி தீர்க்கரேகை. யு.டி.எம். முறையில் 43, 44 என்ற இரண்டு மண்டலங்கள் சந்திக்கும் கோடு அது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே போகிறது. கோயம்புத்தூர் 43இல், சென்னை 44இல். கோட்டை ஒட்டி வேலை செய்பவர் எந்த மண்டலம் என்று எழுதி வைக்காவிட்டால் போச்சு. மேலே சொன்ன மின்கம்பத்துக்கு 44ஆம் மண்டலத்தில் ஈஸ்டிங் 1,71,340. அதே கம்பத்தை 43ஆம் மண்டலத்தில் சொன்னால் ஈஸ்டிங் சுமார் 8,29,200. நார்த்திங் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 44இன் எண்ணை 43 என்று நினைத்துக் கூகுள் எர்த்தில் போட்டால் மின்கம்பம் அரபிக்கடலில், லட்சத்தீவு இருக்கும் பக்கம் போய் நிற்கும்.

பாயிண்ட் உண்மையில் எங்கே குடியிருக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலை செய்வதால்தான் பாதிக் குழப்பம்.

வெறும் ஆட்டோகேடில் ஸ்கிரிப்ட் ஓட்டியோ லிஸ்ப் வைத்தோ பாயிண்டுகளைப் போட்டால், திரையில் இருப்பது ஒரு புள்ளியும் பக்கத்தில் சில எழுத்துகளும். அந்தப் புள்ளிக்கும் ‘101’ என்ற எழுத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஒன்றை நகர்த்தினால் மற்றது நகராது. உயர எழுத்தில் 162.735 என்று இருக்கும். புள்ளியின் இசட் மதிப்பு பூஜ்யமாகவும் இருக்கலாம். சிவில் 3டியில் கதை வேறு. அங்கே கோகோ பாயிண்ட் என்பது எண், இடம், உயரம், குறிப்பு எல்லாம் சேர்ந்த ஒரே பொருள். அது டிராயிங் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து இழுத்த டெக்ஸ்ட் ஃபைலோடு அதற்குத் தொடர்பு அறுந்துவிடும். டெக்ஸ்ட் ஃபைலைப் பிறகு திருத்தினாலும் டிராயிங்குக்குத் தெரியாது. கார்ல்சன் சர்வேயில் அதற்கு எதிர். பாயிண்டுகள் சி.ஆர்.டி. என்ற தனிக் கோப்பில் இருக்கும், திரையில் தெரிவது அதை வைத்து வரைந்தது. டிராயிங்கில் எல்லாவற்றையும் அழித்தாலும் கோப்பிலிருந்து மறுபடி வரைந்துகொள்ளலாம். ஆனால் டிராயிங்கை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு சி.ஆர்.டி.யை விட்டுவிட்டால், வாங்கியவர் கையில் இருப்பது படம் மட்டும். கோப்பைப் பார்த்து டிராயிங்கைப் புதுப்பிப்பது, டிராயிங்கைப் பார்த்துக் கோப்பைப் புதுப்பிப்பது என்று இரண்டு திசையிலும் கட்டளைகள் உண்டு. எதை அழுத்துகிறோம் என்று தெரிந்து அழுத்த வேண்டும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால், யாரோ தெரியாமல் நகர்த்தி வைத்த பாயிண்ட் அளந்த மதிப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும்.

என் கருத்து, வெளியே தனிக் கோப்பு இருக்கும் முறைதான் சர்வே வேலைக்குப் பொருத்தம். சிவில் 3டி வைத்திருப்பவர்களும் இதைச் செய்துகொள்ளலாம்: சைட்டிலிருந்து வந்த டெக்ஸ்ட் ஃபைலைப் படிக்க மட்டும் முடிகிற ஃபைலாக்கித் தனி ஃபோல்டரில் வைப்பது, உள்ளே இழுத்ததும் பாயிண்டுகளை லாக் செய்துவிடுவது. லாக் செய்த பாயிண்ட் கை தவறி நகராது.

அடுத்தது எண். பாயிண்ட் எண்ணுக்குத் தானாக ஒரு பொருளும் இல்லை. நாம்தான் கொடுக்க வேண்டும். கன்ட்ரோல் பாயிண்டுகள் 1 முதல் 99 வரை, முதல் நாள் சைட் வேலை 1001லிருந்து, இரண்டாம் நாள் 2001லிருந்து, ஆபீஸில் கணக்கிட்டு உருவாக்கிய மூலைகள் 9001லிருந்து என்று ஒரு ஒழுங்கு வைத்தால் போதும். 9014 என்று கண்டதும் ‘இது அளந்ததில்லை, கணக்கில் வந்தது’ என்று தெரியும். நீதிமன்றம் வரை போகும் எல்லைத் தகராறுகளில் இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல.

ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு குழு ஒரே நாளில் ஒரே சைட்டில் இறங்கி, இரண்டு பேரும் 101லிருந்து எண்ணுவார்கள். மாலையில் ஆபீஸில் இரண்டாவது ஃபைலை இழுக்கும்போது, 101 ஏற்கெனவே இருக்கிறதே என்று மென்பொருள் கேட்கும். சிவில் 3டி அடுத்த காலி எண்ணைக் கொடுக்கவா, எல்லா எண்ணோடும் ஒரு தொகையைக் கூட்டவா, பழையதன் மேல் எழுதவா என்று வழிகள் காட்டும். கார்ல்சனில் பாயிண்ட் ப்ரொடெக்ட் என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வைத்தால்தான் இருக்கிற எண்ணைத் தொடுவதற்கு முன் எச்சரிக்கும். ‘மேல் எழுது’ என்பதை மட்டும் அழுத்தாதீர்கள். ஒரு தொகையைக் கூட்டுவதே மேல்: இரண்டாம் குழுவின் எல்லா எண்ணோடும் 5000 கூட்டினால், 5101 என்பது அவர்களுடைய 101 என்று ஃபீல்டு புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்த காலி எண் என்று விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

குறிப்புப் பகுதியை ஆள் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவது இன்னொரு நோய். ஒருவர் இபி என்று மின்கம்பத்தைச் சொல்வார், இன்னொருவர் அதையே சாலையின் விளிம்புக்கு எழுதுவார். குறிப்பைப் பார்த்து மென்பொருளே சின்னம் போடும், லேயர் பிரிக்கும், கோடு இழுக்கும். சிவில் 3டியில் அதற்கு டிஸ்கிரிப்ஷன் கீ, கார்ல்சனில் ஃபீல்டு டு ஃபினிஷ். குறியீடு ஒரே மாதிரி இருந்தால்தான் இதெல்லாம் வேலை செய்யும். ஒரு பக்கத்தில் அடங்கும் குறியீட்டுப் பட்டியலை அச்சடித்துக் கருவிப் பெட்டிக்குள் ஒட்டி வைப்பது உத்தமம். குறிப்பில் காற்புள்ளி போடவே கூடாது. ‘மரம், வேம்பு’ என்று எழுதினால் மென்பொருள் அதை இரண்டு தகவலாகப் பிரித்துவிடும்.

எக்ஸெலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாயிண்ட் ஃபைலுக்கு வரும் கேடுகளில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது. சி.எஸ்.வி. ஃபைலை இருமுறை கிளிக் செய்தால் எக்ஸெல் திறக்கும். ‘3-5’ என்ற பாயிண்ட் பெயரைத் தேதி என்று எண்ணி மாற்றிவிடும். ‘007’ என்பது 7 ஆகும். கட்டத்தில் இரண்டு தசமம் மட்டும் தெரியும்படி வைத்து மறுபடி சி.எஸ்.வி.யாகச் சேமித்தால், திரையில் தெரிவதுதான் ஃபைலில் போகும். மூன்றாவது தசமம், அதாவது மில்லிமீட்டர், ஒழிந்தது. குறிப்பைத் தமிழில் எழுதியிருந்தால், யு.டி.எஃப்.-8 வகை சி.எஸ்.வி.யைத் தேர்ந்தெடுக்காத பட்சத்தில் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது வரிசைப்படுத்துவது. ஒரே ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, எக்ஸெல் கேட்கும் எச்சரிக்கையைப் படிக்காமல் தள்ளிவிட்டால், எண்கள் மட்டும் வரிசையாகும். அவற்றின் மதிப்புகள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு மதிப்பும் உண்மையான மதிப்புதான், ஆனால் வேறு பாயிண்டுக்குச் சொந்தமானது. இதை எந்தச் சோதனையும் லேசில் பிடிக்காது. பார்க்க மட்டும் என்றால் நோட்பேடில் பாருங்கள். எக்ஸெலில்தான் திறந்தாக வேண்டும் என்றால் நகல் எடுத்து அதைத் திறந்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

உயரத்தில் பூஜ்யம் ஒரு சிறு கண்ணி. எல்லைக்கல்லுக்கு உயரம் எடுக்காமல் விட்டால் பல கருவிகள் 0.000 என்று எழுதிவிடும். 162 மீட்டர் மட்டத்தில் இருக்கும் வயலில் அப்படி ஒரு கல் இருந்தால், காண்டூர் போடும்போது அந்த இடத்தில் 162 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழும். உயரம் இல்லாத பாயிண்டுகளைத் தனிக் குழுவாகப் பிரித்து, பரப்பு உருவாக்கும் வேலையில் சேர்க்காமல் விட வேண்டும். அதேபோல அலகு: கட்டிட வரைபடம் மில்லிமீட்டரிலோ அடி அங்குலத்திலோ வரும், சர்வே மீட்டரில் இருக்கும். கட்டிட வரைபடத்தைச் சுருக்கியோ பெருக்கியோ சர்வேக்குள் கொண்டுவர வேண்டும். சர்வேயை அதற்கேற்ப மாற்றக் கூடாது.

இதே விதி எஃப்.எம்.பி. விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். அரசின் புல அளவை வரைபடத்தில் ஜி லைன், அதிலிருந்து ஆஃப்செட் என்று அளவுகள் இருக்கும். உலக ஆயத்தொலைவு கிடையாது. அதை வரைந்து, சைட்டில் அளந்த கற்களின் மேல் பொருத்திப் பார்ப்பது தினசரி வேலை. அப்போது சிலர் எஃப்.எம்.பி.யை அப்படியே வைத்துவிட்டு, பாயிண்டுகளையெல்லாம் தேர்ந்தெடுத்துத் திருப்பிப் பொருத்துவார்கள். அந்த நொடியிலிருந்து டிராயிங்கில் இருக்கும் எந்த எண்ணும் கருவியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகாது. மறுநாள் அதே டிராயிங்கிலிருந்து கல் நட எண் எடுத்துக்கொண்டு போனால் வேறு எங்கோ நடுவார்கள். நகர வேண்டியது எஃப்.எம்.பி.தான். தாளில் சாலை கிடைமட்டமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திருப்புபவர்களும் இருக்கிறார்கள். அதற்கு யு.சி.எஸ். மாற்றியோ, டிவியூவில் ட்விஸ்ட் கொடுத்தோ பார்வையை மட்டும் திருப்பினால் போதும். பாயிண்ட் இருந்த இடத்தில் இருக்கும்.

தரையில் அளந்த தூரமும் யு.டி.எம். தூரமும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மண்டலத்தின் மையக் கோட்டில் யு.டி.எம். ஒரு கிலோமீட்டருக்கு 40 செ.மீ. குறைத்துக் காட்டும். சென்னையில் இந்தக் குறைவு 30 செ.மீ. சொச்சம். மதுரை, திண்டுக்கல் பக்கம் மண்டல விளிம்பு என்பதால் அங்கே தலைகீழ்: கிலோமீட்டருக்குச் சுமார் 90 செ.மீ. கூட்டிக் காட்டும். டி.ஜி.பி.எஸ். பாயிண்ட் இரண்டுக்கு இடையே டோட்டல் ஸ்டேஷன் வைத்து அளந்து, ஒரு கிலோமீட்டரில் 90 செ.மீ. இடிக்கிறதே என்று கருவியைச் சர்வீஸுக்கு அனுப்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஃபைலில் இருப்பது தரை அளவா, கிரிட் அளவா, என்ன பெருக்கெண் பயன்படுத்தப்பட்டது என்று எழுதி வைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து வருபவர் அதே பெருக்கெண்ணை இரண்டாம் முறை போட்டுவிடுவார்.

இதையெல்லாம் எங்கே எழுதுவது? பாயிண்ட் ஃபைலுக்குள் இடமில்லை. அதன் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போதும். எந்த ஆயத்தொலைவு முறை, எந்த மண்டலம், உயரம் எந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து எடுத்தது, தரையா கிரிட்டா, நெடுவரிசைகளின் வரிசை என்ன, எந்தத் தேதியில் யார் அளந்தது. ஃபைல் பெயரிலும் தேதி இருக்கட்டும். ‘பைனல்’, ‘பைனல் 2’, ‘புதிய பைனல்’ என்று பெயர் வைப்பவர்களுக்கு எதுவும் சொல்லிப் பயனில்லை.

கடைசியாக, கருவியிலிருந்து இறங்கும் மூல ஃபைல். கார்ல்சன் சாதனங்களில் ஆர்.டபிள்யூ.5, லைக்காவில் ஜி.எஸ்.ஐ., சொக்கியாவில் எஸ்.டி.ஆர். என்று வெவ்வேறு பெயர்கள். அதில் கோணம், சாய்வு தூரம், கருவி உயரம், பிரிசம் உயரம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். அதிலிருந்து கணக்கிட்டு வந்ததே பாயிண்ட் ஃபைல். மூலப்பத்திரம் இல்லாமல் நிலம் வாங்க மாட்டோமே, அந்த மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும். பிரிசம் 2 மீட்டருக்கு உயர்த்தியதை எழுத மறந்து 1.5 என்றே அளந்துகொண்டு போனதாக மாலையில் தெரிந்தால், மூல ஃபைலில் அந்த உயரத்தைத் திருத்தி மறுபடி கணக்கிட்டுவிடலாம்; சைட்டுக்குப் போக வேண்டாம். பேக்சைட் தப்பாகப் பிடித்திருந்தாலும் பெரும்பாலும் இப்படியே மீட்கலாம். பாயிண்ட் ஃபைல் மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் பாயிண்ட் எந்த ஸ்டேஷனிலிருந்து எந்தப் பிரிசம் உயரத்தில் எடுத்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கருவியின் மெமரி நிறைந்துவிட்டது என்று ‘ஜாப் டிலீட்’ கொடுப்பதற்கு முன் இந்த ஃபைல் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வே செய்பவர் அல்லாமல், செய்யச் சொல்லிப் பணம் கொடுப்பவராக நீங்கள் இருந்தால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.டி.எஃப். வரைபடத்தோடு திருப்தி அடையாதீர்கள். டிராயிங், பாயிண்ட் ஃபைல், மூல ஃபைல், பக்கத்துக் குறிப்பு நான்கையும் தருவதாக வேலை கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். பத்து வருடம் கழித்து எல்லைக்கல் ஒன்று காணாமல் போனால், வேறொரு சர்வேயர் வந்து அதே இடத்தில் மறுபடி நட அந்த ஃபைல்கள் வேண்டும்.